மச்சானின் சப்பாத்தும் ஒரு தீவு நாடும்

நான் ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பள்ளி விடுமுறை விட்டால் எனக்கும் விடுமுறை, வேனுக்கும் விடுமுறை. என் மனைவிக்கு மட்டும் அது தண்டனைக் காலம், ஏனென்றால் நான் வீட்டில் இருப்பேன். அப்படி ஒரு விடுமுறையின் முதல் நாள் அலமாரிக் கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பேசியவர் எங்கள் வட்டாரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, எங்களுக்குத் தவுக்கே. தோட்டங்களுக்குச் சாமான் போட்டுப் பழகியவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். அந்தத் தமிழில் மரியாதை மட்டும் கிடையாது. அதை அவருக்குத் தோட்டத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

“அண்ணே, உன் வேன் சும்மாதானே நிக்குது? ஒரு வாரம் வேணும். நேஷனல் டீம் ஏத்தணும்.”

“மலேசியா டீமா தவுக்கே?”

“மலேசியா இல்லலா. தீவு. எல்லாம் தீவு நாடு. பாஸ்கெட்பால் ஆட வாரான்.”

அவர் மேலும் சொல்லச் சொல்லத்தான் விவரம் புரிந்தது. பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் ஆறு குட்டித் தீவு நாடுகளின் தேசிய அணிகள் மோதும் கூடைப்பந்துப் போட்டி. நடக்க வேண்டிய தீவில் புயல் அடித்து மண்டபத்தின் கூரை போய்விட்டது. ஈப்போவில் ஒரு மண்டபம் காலியாக இருந்தது. கூடைப்பந்து என்றால் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடும் நம் தவுக்கே ஏற்பாட்டுக் குழுவில் இருந்தார்.

“ஈப்போ தீவே இல்லையே? கடல் பார்க்கணும்னா லூமுட்டுக்குல்ல போவணும்?” என்றேன்.

“ஹால் இருக்கு. ஏர்கோன் இருக்கு. தீவு எதுக்குலா?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு ஒதுக்கப்பட்டது ஆறிலும் சிறிய நாடு. மறுநாள் மத்தியானம் கோலாலம்பூர் விமான நிலையத்தில் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் பூப்போட்ட கவுன் அணிந்த ஓர் அம்மாள் வந்தார், வயது அறுபது இருக்கலாம். அவர்தான் அணியின் மேலாளர். ஊரில் தலைமையாசிரியை. ஆட்டக்காரர்களில் மூன்று பேர் அவருடைய தங்கை மகன்கள், மற்றவர்கள் அவரிடம் படித்து அடி வாங்கியவர்கள். பயிற்சியாளர் என்று ஒருவரும் இருந்தார். அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த அம்மாள் பேசி முடித்த பிறகு பேச யாருக்கும் எதுவும் மிச்சமிருக்காது.

பின்னால் பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் வந்தார்கள். எல்லோரும் பூச்சட்டை, சிலிப்பர். கையில் ஆளுக்கு ஒரு சிறு பை மட்டும்.

“பெட்டியெல்லாம் எங்க மேடம்?” என்று எனக்குத் தெரிந்த ரோட்டு இங்கிலீஷில் கேட்டேன்.

விமானம் மாறிய ஊரிலேயே பெட்டிகள் தங்கிவிட்டனவாம். எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றவர், கடவுளிடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றும் சொன்னார்.

கடைசியாக வந்தவரைப் பார்த்ததும் நான் அட்டையைக் கீழே இறக்கினேன். கண்ணாடிக் கதவுக்கே குனிந்து வந்தார். பதினெட்டுப் பிள்ளைகள் உட்காரும் என் வேனில் பின் இருக்கை முழுவதும் அவர் ஒருவருக்கே போயிற்று. கால்களை நீட்டினால் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வந்துவிடும் என்பதால் ஒருக்களித்து மடங்கிப் படுத்துக்கொண்டார். அந்த நெட்டையர்தான் அணியின் நட்சத்திரம். அவர் ஆடினால் அவர்கள் ஜெயிப்பார்கள், ஆடாவிட்டால் பிரார்த்தனை செய்வார்கள். தஞ்சோங் மாலிம் தாண்டும்போதே எல்லோரும் பாட ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் பாட, வேன் கண்ணாடிகளெல்லாம் அதிர்ந்தன. என் வேனில் பள்ளிப் பிள்ளைகள் சண்டை போட்டுத்தான் எனக்குப் பழக்கம். பாட்டு புதிது.

மறுநாள் காலை ஷூ வேட்டை, எங்கள் பேச்சில் சப்பாத்து வேட்டை, தொடங்கியது. ஜெர்சியைத் தவுக்கே யாரிடமோ இரவல் வாங்கிவிட்டார். ஆனால் சிலிப்பரோடு கூடைப்பந்து ஆட முடியாது. வெறுங்காலோடும் விடமாட்டார்கள். ஈப்போ கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கி, பதினொரு பேருக்கு எப்படியோ சப்பாத்து அமைந்துவிட்டது. நெட்டையருக்கு மட்டும் அமையவில்லை. அவர் கால் பதினான்காம் நம்பர்.

ஐந்தாவது கடையில் ஒரு சீன அக்கா. அவர் நெட்டையரின் பாதத்தை ஒரு முறை பார்த்தார். உள்ளே போய்த் தன் புருஷனைக் கூட்டிவந்து காட்டினார். புருஷன் போய்ப் பக்கத்துக் கடைக்காரரைக் கூட்டிவந்தார். மூவரும் சேர்ந்து அளவுப் பலகையை வைத்துப் பார்த்தார்கள். குதிகாலைச் சரியாக வைத்தால் விரல்கள் பலகையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தன.

“சப்பாத்து தாடா,” என்றார் அக்கா. மலாயில் இல்லை என்று அர்த்தம். பிறகு என்மேல் இரக்கப்பட்டு, “கோத்தாக் அடா,” என்று ஒரு சப்பாத்து டப்பாவை நீட்டினார். டப்பா இருக்கிறதாம். நெட்டையர் நல்ல மனிதர். மறுக்காமல் அதற்குள் காலை விட்டும் பார்த்தார். டப்பா சரியாக இருந்தது.

முதல் ஆட்டம் மறுநாள் மூன்று மணிக்கு. இணையத்தில் வாங்கினால் வந்து சேர நான்கு நாளாகும். சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

“எங்க அண்ணன் காலும் பதினாலுதாங்க,” என்றாள்.

நான் கழற்றி வைத்திருந்த அலமாரிக் கதவின் பக்கம் திரும்பினேன்.

“போன தீபாவளிக்கு சிங்கப்பூர்லேருந்து மக வாங்கி அனுப்புனா. அந்த நம்பர்ல பாஸ்கெட்பால் சப்பாத்துதான் கெடச்சுச்சாம். வெள்ளையும் நீலமுமா, கணுக்காலுக்கு மேல வரும். நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நீங்கதான் அவர் மூஞ்சியையே பாக்குறதில்லையே.”

நான் பார்ப்பதில்லை என்பது முழு உண்மை அல்ல. அவர்தான் என்னைப் பார்ப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். மைக் என் கையில் இருந்தது. மைக் கையில் வந்தால் எனக்குப் புத்தி கொஞ்சம் தள்ளி நிற்கும். “மண்டப வாசல்ல செருப்பைக் காணோம்னு யாரும் அலைய வேணாம். என் மச்சான் செருப்பைத் தூக்கிப் பாருங்க, அதுக்குக் கீழ ஒரு நாலு ஜோடி நிழலுக்கு ஒதுங்கியிருக்கும்,” என்று சொன்னேன். ஐந்நூறு பேர் சிரித்தார்கள். மச்சான் தன் இலையில் பரிமாறிய சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து, வாசலில் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து நான் இருக்கும் இடத்துக்கு அவர் வருவதில்லை.

“நான் போய் எப்படிக் கேப்பேன்? நீ கேளேன்,” என்றேன்.

“நானா மைக்ல பேசுனேன்?” என்றாள் அவள்.

ஆகவே நான்தான் போனேன். தனியாகப் போகத் தைரியமில்லாமல் நெட்டையரையும் வேனில் போட்டுக்கொண்டேன். மச்சான் வீடு பத்து காஜா என்ற ஊருக்கு அந்தப் பக்கம். அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தில் பாதியை அழித்துத் தாமான் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியில் செம்பனை. அதே செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவதுதான் அவர் வேலை.

மச்சான் வீட்டு முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பெரிய உயரமில்லை, என் தோள் அளவுதான் வருவார். அந்த உடம்புக்கு அந்தக் கால் எப்படி வந்தது என்பது குடும்பத்தில் யாருக்கும் புரியாத விஷயம். என்னைப் பார்த்ததும் முகத்தை வீட்டுக்குள் திருப்பினார்.

“யாரோ வேன்காரர் வந்திருக்காரு. என்ன வேணும்னு கேளு,” என்று உள்ளே இருந்த தன் மனைவியிடம் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நெட்டையர் வேனிலிருந்து தவணை தவணையாக இறங்கி முடித்தார். வாசலில் சிலிப்பரைக் கழற்றினார். மச்சானுடைய செருப்புக்குப் பக்கத்தில் அது போய் நின்றது. இரண்டும் ஒரே அளவு.

மச்சான் அந்தச் செருப்புகளைப் பார்த்தார். நெட்டையரின் கால்களைப் பார்த்தார். மெதுவாக எழுந்து வந்து, தன் வலது காலை அவருடைய வலது காலுக்குப் பக்கத்தில் வைத்தார். நெட்டையர் குனிந்து பார்த்துவிட்டு விரல்களை அசைத்தார். மச்சானும் அசைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் தன்னைப் போல இன்னொரு ஆளை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை.

“சப்பாத்துக்கு என்ன பண்றாராம்? கேளுங்க,” என்றார் சுவரைப் பார்த்து. சுவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் நான் கேட்டேன்.

மாமா ஒருவர் வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒரு ஜோடி அனுப்புவார் என்றார் நெட்டையர். அதற்கு முன், சிறு வயதில், வெறுங்காலோடுதான் ஆடினாராம். பள்ளிக்கும் அப்படித்தான். ஊரில் எல்லோரும் அவர் கடுமையான பயிற்சி செய்வதாக நினைத்துப் பாராட்டினார்களாம்.

அதைத் தமிழில் சொன்னதும் மச்சான் முகம் மாறியது. “தோட்டத்து வாலிபால் டீம்ல எல்லாருக்கும் சப்பாத்து குடுத்தாங்க. எனக்கு சைஸ் இல்லைன்னுட்டாங்க. நானும் வெறுங்கால்லதான் ஆடுனேன். வீரம்னு நெனச்சு மால போட்டாங்க,” என்றார். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தபடி, “பாதத்துல கொப்புளம். யாருக்குத் தெரியும்?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாக அவருக்குத் தங்கை புருஷனாக இருந்தும் தெரியவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு டப்பாவை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வெள்ளையும் நீலமும். அடிப்பகுதியில் ஒரு மண் துகள் இல்லை. நெட்டையர் போட்டுப் பார்த்து, அங்கேயே ஒரு குதி குதித்தார். முன்கூடத்து விளக்கில் தலை இடித்தது.

“உங்களுக்காக இல்ல,” என்றார் மச்சான் என்னிடம் நேராக. “அவருக்காக. ஆனா ஒண்ணு. சப்பாத்து எங்க போவுதோ அங்க நானும் வருவேன்.”

மறுநாள் அவர் லாரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். மண்டபம் வரை சப்பாத்தை அவரே போட்டுக்கொண்டு வந்து, அணியின் நீண்ட இருக்கையில் உட்கார்ந்து கழற்றி, நெட்டையருக்கு ஒவ்வொரு காலாகக் கொடுத்தார். பிறகு வெறுங்காலோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அட்டை இல்லாத ஆள் அங்கே உட்காரக் கூடாது என்று ஓர் அதிகாரி வந்தார். தலைமையாசிரியை அம்மாள் எழுந்து நின்றார்.

“இவர் எங்கள் நாட்டின் உபகரண மேலாளர்,” என்று அறிவித்தார்.

அதிகாரி மச்சானைப் பார்த்தார். மச்சான் அவரைப் பார்த்து, “ஹெலோ பாஸ்,” என்றார். பத்து நிமிடத்தில் கழுத்தில் மாட்டும் அட்டை வந்துவிட்டது. பத்து காஜாவில் பிறந்து, லூமுட் கடலைத் தவிர வேறு கடல் பார்க்காத என் மச்சான், அன்று ஒரு தீவு நாட்டின் அதிகாரியானார்.

ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வாலிபால். பந்து தரையில் பட்டபோதெல்லாம், “அலாமாக், கீழ விடாதடா!” என்று தலையில் கை வைத்தார். நெட்டையர் குதித்துத் தரையில் இறங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். “மெதுவா எறங்கச் சொல்லுங்க. நானே அத இன்னும் அழுத்தி மிதிச்சதில்ல,” என்று அம்மாளிடம் தமிழில் முறையிட்டார். அம்மாள் தன் மொழியில் ஆறுதல் சொன்னார். இருவருக்கும் புரிந்துபோனது.

இடைவேளையில் மச்சானுக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. தரையெல்லாம் ஈரம். மற்ற பதினொரு பேரின் சிலிப்பர்களும் சின்னவை. நெட்டையர் சிலிப்பரை ஹோட்டலிலேயே விட்டு வெறுங்காலோடு வந்திருந்தார். கடைசியில் காலுக்கொரு சிவப்பு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் அதிகாரி அட்டை தொங்க, மண்டபத்தின் குறுக்கே சரசரவென்று நடந்துபோனார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு தொண்டை வரை வந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். “ஜெயித்தோம்” என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். இரண்டாவது ஆட்டமும் ஜெயித்தோம். மூன்றாம் நாள் காலை பெட்டிகள் வந்துவிட்டன. நெட்டையருடைய சொந்தச் சப்பாத்தும் வந்தது. அன்று அரையிறுதி. மச்சான் அதைப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைத் துடைத்து டப்பாவுக்குள் வைக்கப் போனார். “சரி, வந்த வேல முடிஞ்சுச்சுலா,” என்று சொன்ன குரலில் உற்சாகம் இல்லை.

நெட்டையர் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கினார். ஜெயித்த சப்பாத்தை நடுவில் மாற்றினால் தன் ஊரில் யாரும் தன்னோடு பேசமாட்டார்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன். மச்சான் குனிந்து அவருக்குத் தானே கயிறு கட்டிவிட்டார்.

அரையிறுதியின் கடைசி இரண்டு நிமிடம். இரு பக்கமும் சமமான புள்ளி. நெட்டையர் ஒரு பந்தைப் பிடிக்கப் பாய்ந்து திரும்பியபோது இடது சப்பாத்தின் அடிப்பகுதி பிய்ந்து, மைதானத்தின் நடுவே நாக்கு மாதிரிக் கிடந்தது. ஆட்டம் நிற்கவில்லை. பந்து மறுபக்கம் போய்விட்டது. எல்லோரும் பந்தைப் பார்த்தோம். மச்சான் ஒருவர்தான் அடிப்பகுதியைப் பார்த்தார்.

நான் கத்துவதற்குள் அவர் உள்ளே ஓடிவிட்டார். பளபளக்கும் பலகைத் தரையில் பட்பட்டென்று வெறுங்காலோடு ஓடி, அதைப் பொறுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரணியினர் இரண்டு பேர் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். விசில் அடித்தது. நடுவர் இரண்டு கைகளையும் சேர்த்து ஆங்கிலத்து டீ எழுத்து போலக் காட்டினார்.

“என்ன சொல்றாரு? டீ குடிக்கப் போறாங்களா?” என்றார் மச்சான் என்னிடம்.

அது தண்டனை. ஆட்டக்காரர் இருக்கையிலிருந்து ஆள் உள்ளே போனதற்காக எதிரணிக்கு ஓர் இலவச எறி. அதை அவர்கள் போட்டார்கள். அதன் பிறகு இரண்டு பக்கமும் யாரும் புள்ளி எடுக்கவில்லை. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் அம்மாள் மச்சானை நிற்க வைத்து ஒரு நிமிடம் திட்டினார். பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் தாங்களே திட்டு வாங்குவது போலத் தலைகுனிந்து நின்றார்கள். பழக்கதோஷம். மச்சானுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது.

அணியை ஹோட்டலில் இறக்கிவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மடியில் பிய்ந்த அடிப்பகுதி. பத்து காஜா சாலை முழுவதும் அதைத் தடவிக்கொண்டே வந்தார். சொல்வதற்கு எனக்கு எட்டு வேடிக்கையாவது தோன்றியது, அதில் இரண்டு மிக நன்றாகவே இருந்தன. எட்டையும் விழுங்கினேன்.

“மச்சான்,” என்றேன், வீட்டு வாசலில். “அன்னிக்குக் கல்யாணத்துல நான் பேசுனது தப்பு.”

“இத்தன நாள் இல்லாம இன்னிக்கு ஏன் சொல்றீங்க?”

“வேற நாள்ல சொன்னா நீங்க நிக்க மாட்டீங்க.”

அவர் கதவைச் சாத்தாமல் உள்ளே போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நானும் வேனைத் திருப்பினேன்.

மறுநாள் காலை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். மச்சான் வரமாட்டேன் என்று தங்கையிடம் போனில் சொல்லிவிட்டார். ஒரு நாட்டையே தோற்கடித்துவிட்டு எந்த முகத்தோடு வருவது என்று கேட்டாராம். என் மனைவி சொன்னதை நான் அம்மாளிடம் சொன்னேன். அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். “வேனை எடு,” என்றார்.

என்னோடு சேர்த்துப் பதினைந்து பேரும் மச்சானின் தாமானில் போய் இறங்கினோம். ஒன்பது மணி வெயிலில் வீதியே வெளியே வந்துவிட்டது. துணி காயப்போட்டவர்கள், பசியாற ரொட்டி வாங்கப் போனவர்கள், எல்லோரும் நின்றுவிட்டார்கள். அம்மாள் கை காட்ட, ஆட்டக்காரர்கள் வாசலில் வரிசையாக நின்று பாடினார்கள். நான்கு குரலில் பிரிந்து சேரும் பாட்டு. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டது. மச்சான் கைலியோடு வெளியே வந்தார்.

“என்னா மாப்ள இது?” என்றார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மாப்ள. “உங்களைக் கூட்டிட்டுப் போவ வந்திருக்காங்க. நீங்க வராம ஆட மாட்டாங்களாம்,” என்றேன்.

“காசுட் இல்லையே!” என்று மலாயில் பதறினார். சப்பாத்து இல்லையாம். செருப்போடு வரலாம், மைதானத்துக்குள் மட்டும் வரக் கூடாது என்று அம்மாள் நிபந்தனை விதித்தார். சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அன்று முழு ஆட்டமும் தன் இரண்டு கைகளாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நெட்டையர் சொந்தச் சப்பாத்தோடு ஆடினார். சுலபமாக ஜெயித்தோம்.

பரிசளிப்பு. வெண்கலப் பதக்கம் அணியின் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் உண்டு. பன்னிரண்டு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், மேலாளர், கடைசியாக உபகரண மேலாளர். மச்சான் மேடை ஏறி, அந்தத் தீவு நாட்டின் கொடிக்குக் கீழே நெஞ்சில் கை வைத்து நின்றார். ஓட்டுநர் என்று பட்டியலில் யாரும் எழுதியிருக்கவில்லை. நான் கீழே நின்று கைத்தட்டினேன். என் மனைவி அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டே, “எங்க அண்ணனுக்கு மெடல் கெடச்சிருக்கு. நீங்களுந்தான் ஒரு வாரமா அங்கயே கெடந்தீங்க,” என்றாள்.

அணியை வழியனுப்ப மச்சானும் விமான நிலையத்துக்கு வந்தார். நெட்டையரும் அவரும் கட்டிப் பிடித்துக்கொண்டபோது மச்சான் முகம் அவருடைய வயிற்றில் புதைந்துபோனது. அம்மாள் எனக்குக் கை கொடுத்து, நீ நிதானமான ஓட்டுநர் என்றார். என் தொழிலில் அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை.

திரும்பும் வழியில் தாப்பாவில் ஒரு பாய் கடையில் சாப்பிட நிறுத்தினோம். மச்சான் பதக்கத்தைக் கழற்றாமல்தான் வந்தார். தண்ணீர் கொண்டுவந்த முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

“என்னாண்ணே, எதுல மெடல்?”

“பாஸ்கெட்பால்,” என்றார் மச்சான். “இண்டர்நேஷனல்.”

பாய் அவருடைய உயரத்தை ஒரு முறை அளந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று கேட்டார். மச்சான் இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், நடுவில் வலை, பந்து கீழே விழவே கூடாது, கடைசி இரண்டு நிமிடம் வந்தால் நடுவர் எல்லோரையும் டீ குடிக்கக் கூப்பிடுவார்.

“அப்டியா!” என்றார் பாய், என்னைப் பார்த்து.

“அப்டித்தான் பாய்,” என்றேன்.